பத்துத் தட்டு இடம்

போன மாதம் ஒரு பழைய தீர்ப்பின் நகலுக்காகக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். நான் முப்பத்தைந்து வருடம் டைப் அடித்த அதே ஹாலில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சாட்சி சொல்வதைத் தமிழிலேயே அடித்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று தெரிந்ததும் நாற்காலி போட்டாள். "அப்பல்லாம் சாட்சி தமிழ்ல சொல்ல, நீங்க இங்கிலீஷ்ல அடிப்பீங்களாம்ல. தப்பே வராதாம்மா?" என்று கேட்டாள். வரும் என்றேன். பெரிய தப்பு ஒன்று செய்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அதற்குள் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது நான் கீரனூரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பத்து வருடம் கழித்து அதே ஊரிலிருந்து பஸ் ஏறிப் புதுக்கோட்டைக் கோர்ட்டுக்கு டைப்பிஸ்டாக வேலைக்குப் போனேன். நடுவில் எஸ்.எஸ்.எல்.சி., டைப்பிங் இன்ஸ்டிடியூட், லோயர், ஹையர் என்று எல்லாருக்கும் உள்ள கதைதான். வேலை டெம்பரரி. டென்-ஏ-ஒன் என்று சொல்வோம். எப்போது வேண்டுமானாலும் ஒரு தாளை நீட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தக் கோர்ட்டில் முதல் பெண் டைப்பிஸ்டும் நான்தான். முதல் வாரம் சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்தே பேசினார்கள். நானும் பதிலுக்கு முறைத்தேன், பழகிக்கொண்டார்கள்.

வேலை இதுதான். சாட்சி தமிழில் சொல்வார். மாஜிஸ்ட்ரேட் அதைக் காதில் வாங்கி இங்கிலீஷாக்கிச் சொல்லுவார். நான் நேராக மெஷினில் அடிப்பேன். முடிந்ததும் பெஞ்ச் கிளார்க் அந்த இங்கிலீஷைத் திரும்பத் தமிழில் சாட்சிக்குப் படித்துக் காட்டி, சரிதான் என்று ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். படித்துக் காட்டியதாக ஒரு வரி கடைசியில் இருக்கும். அந்த வரியை நான் முன்கூட்டியே அடித்து வைத்துவிடுவேன். எல்லாக் கோர்ட்டிலும் அப்படித்தான் நடந்தது, யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

அப்போது இருந்த மாஜிஸ்ட்ரேட்டின் பெயர் ஜம்புநாதன். ஐயா என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஒல்லியான மனிதர். இங்கிலீஷாக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் சொல்லுவார். கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் கொஞ்சம் இறங்கும். சாட்சிகளை 'நீ' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சேர்ந்த புதிதில் கொடும்பாளூர்ப் பக்கத்துத் திருவிழா அடிதடி ஒன்று வந்தது. சாட்சி ஒரு டீக்கடைக்காரர். "கம்பை எடுத்ததும் எல்லாரும் ஓடிட்டாங்க... அனேகமா" என்றார். ஐயா 'எவ்ரிபடி' என்று ஆரம்பித்தார், பிறகு அந்த 'அனேகமா' ஞாபகம் வந்து 'ஆல்மோஸ்ட்' என்றார், பிறகு 'ரேன் அவே' என்றார். காதில் விழுந்த வரிசைப்படி நான் அடித்துத் தள்ளினேன். 'எவ்ரிபடி ஆல்மோஸ்ட் ரேன் அவே.' மத்தியானம் அந்தத் தாளோடு என் மேஜைக்கே வந்துவிட்டார். நீ அடித்தபடி பார்த்தால் ஒருத்தர்கூட ஓடவில்லை, எல்லாரும் ஓடப் பார்த்தார்கள், அவ்வளவுதான் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விளக்கினார்.

நம் பேச்சில் 'அனேகமாக' என்பதை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கிளம்பும்போது துண்டை எடுத்துத் தோளில் போடுகிற மாதிரிகூடப் போடலாம். இங்கிலீஷில் அது நடக்காது. எவ்ரிபடி, நோபடி, எனிபடி, நத்திங் இவர்களெல்லாம் பெரிய மனிதர்கள். அவர்களை மட்டுப்படுத்துகிற சின்ன வார்த்தை, ஆல்மோஸ்டோ ஹார்ட்லியோ, அவர்களுக்கு முன்னால் நடக்க வேண்டும், ஜட்ஜுக்கு முன்னால் டவாலிச் சேவகன் நடக்கிற மாதிரி. 'எல்ஸ்' ஒன்றுதான் பின்னால் வரும், ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற குமாஸ்தா மாதிரி. இதைச் சொல்லிவிட்டு, வாசலில் நின்ற எங்கள் டவாலியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த டவாலி நடந்து வரும்போதெல்லாம் எனக்கு 'ஆல்மோஸ்ட்' என்றுதான் தோன்றும்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. யாரும், எல்லாரும், ஒன்றும், எதுவும் என்று சாட்சி சொன்னால் அவருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். எல்லாரும் என்றால் உண்மையிலேயே எல்லாருமா, ஒன்றுமில்லை என்றால் துளிகூட இல்லையா என்று கேட்டுத் துருவுவார். அது தெளிவாகும் வரை அந்தச் சின்ன வார்த்தையைச் சொல்ல மாட்டார். "இடம் விடும்மா" என்பார். நான் ஸ்பேஸ் பாரைக் கட்டை விரலால் பத்துத் தட்டுத் தட்டிவிட்டு மேலே போவேன். கடைசியில் சாட்சியிடம் கேட்டுத் தெளிந்து, அந்தக் காலி இடத்தில் தன் பேனாவால் வார்த்தையை எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவார். ஒன்றும் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் ஒரு கோடு இழுப்பார். வேறு எந்த மாஜிஸ்ட்ரேட்டும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு இடம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு தோப்புக்காரருடைய வைக்கோல் போர் பொழுது சாயும் நேரத்தில் எரிந்துபோனது. தோப்புக்காரர் என்றால் தென்னை, முந்திரி எல்லாம் உள்ள பெரிய கை. முந்தின வருடம் அவர் அடித்துத் துரத்திய கருப்பையா என்ற கூலியாள்தான் தீ வைத்தான் என்று போலீஸ் பிடித்தது. கருப்பையா அப்போது அரை மைல் தள்ளி ஒரு கடலைக் களத்துக்குக் காவல் இருந்தார். தீ எரிந்த நேரத்தில் களத்தில்தான் படுத்திருந்தேன் என்று சொன்னார். அதைத் தவிர அவரிடம் சொல்ல எதுவும் இல்லை. களத்துக்குச் சொந்தக்காரர் தோப்புக்காரருக்கு உறவு, கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. வக்கீல் கிடையாது. ஜாமீனுக்கு ஆளும் இல்லாததால் சப்ஜெயிலில் கிடந்தார்.

போலீஸ் தரப்பில் சின்னப்பொண்ணு என்ற பெண்ணைக் கூண்டில் ஏற்றினார்கள். புல்லுக்கட்டோடு வந்தவள் அந்தக் களத்தில் கட்டை இறக்கி வைத்து மூச்சு வாங்கியபோது புகை கிளம்பியதைப் பார்த்திருக்கிறாள். எத்தனை மணிக்குத் தீ பிடித்தது என்று காட்டத்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். இடுப்பில் கைக்குழந்தை, அதற்குக் காய்ச்சல். அந்த நேரத்தில் களத்தில் யார் இருந்தார்கள் என்று பிராசிக்யூட்டர் கேட்டார்.

"யாரும் இல்லீங்க," என்றாள் சின்னப்பொண்ணு. கொஞ்சம் விட்டு, "எப்பவும் போலத்தான்" என்றாள்.

ஐயா மூடின கண்ணைத் திறந்தார். 'தேர் வாஸ்' என்றார். "இடம் விடும்மா," என்றார். 'நோபடி' என்றார். பத்துத் தட்டு விட்டு அடித்தேன். எப்பவும் போல என்றால் என்னம்மா அர்த்தம் என்று அவளிடம் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது, கூண்டிலேயே வாந்தியும் எடுத்தது. அவள் முந்தானையால் துடைக்கிறாள், குழந்தை விறைக்கிறது. எனக்கே பதறிவிட்டது.

கருப்பையாவிடம் சாட்சியை ஏதாவது கேட்கிறீர்களா என்று ஐயா கேட்டார். அவர் கையைக் கூப்பி, இல்லை என்று தலையாட்டினார். பெஞ்ச் கிளார்க் சுப்பையா சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஆலங்குடி பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம். அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு அவள் அந்தப் பிள்ளையோடு இருட்டும் வரை ஸ்டாண்டில் கிடக்க வேண்டும். அவர் ஐயாவைப் பார்த்தார், ஐயா தலையசைத்தார். சுப்பையா சார் தாளைப் படிக்காமலே நீட்டி, "இங்கிட்டு விரலை வச்சுட்டு ஓடு ஆத்தா, பஸ்ஸு போயிரும்" என்றார். அவள் கைநாட்டு வைத்துவிட்டு ஓடினாள். போகிற வழியில் டாக்டரிடம் காட்டச் சொல்லி டவாலியையும் கூட அனுப்பினார் ஐயா. அங்கே இருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அந்த இடத்தை அப்புறம் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று ஐயா நினைத்திருக்க வேண்டும். அந்த வாரமே அவருக்கு மாற்றல் வந்தது. நாலு நாளில் சார்ஜ் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

புதிதாக வந்தவர் சின்ன வயது, மெத்தப் படித்தவர். முந்தின மாஜிஸ்ட்ரேட் பதிவு செய்த சாட்சியத்தைக் கொண்டே மேலே விசாரிக்கலாம் என்பது சட்டம். ஆனால் ஐயாவின் தாள்களில் பேனாத் திருத்தம் நிறைய இருக்கும். படிக்க வசதியாகச் சுத்தப் பிரதி எடுத்து வைக்கச் சொன்னார். நான்தான் எடுத்தேன். சுத்தப் பிரதியில் எனக்குக் கர்வமே உண்டு. ஒரு அடித்தல் இருக்காது, ஓரம் நூல் பிடித்த மாதிரி நிற்கும். வரி நடுவில் வெள்ளையாக ஒரு ஓட்டை தெரிந்தால் எனக்குப் பொறுக்குமா? கை தானாகவே மூடிவிட்டது. 'தேர் வாஸ் நோபடி.' அப்படியொரு இடம் இருந்தது என்பதே மனசில் பதியவில்லை.

பிரதியை ஒப்புப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே போக வேண்டும். சுப்பையா சார் மூலத்தைப் படித்தார், நான் விரல் வைத்துப் போனேன். காலி இடத்துக்கு ஏது சத்தம்? எல்லாம் சரி என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

வாதம் நடந்த நாளில் பிராசிக்யூட்டர் எழுந்து, எதிரி கருப்பையா களத்தில் இருந்ததாகச் சொல்வது பச்சைப் பொய், இதோ சாட்சியம் என்று என்னுடைய அழகான பிரதியை எடுத்துப் படித்தார். 'தேர் வாஸ் நோபடி.' மெஷின் மேல் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டை விரல் ஒருமுறை துடித்தது. மூளைக்கு முன்னால் விரலுக்குத்தான் ஞாபகம் வந்தது. கருப்பையாவைப் பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தன் பேர் வருகிறதா என்று மட்டும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். தீர்ப்பு மறுநாள்.

சாப்பாட்டு நேரத்தில் சுப்பையா சாரிடம் சொன்னேன். பீரோவைத் திறந்து மூலத்தை எடுத்தோம். வெள்ளை வெளேரென்று இருந்தது அந்த இடம், பத்து எழுத்து அகலத்துக்கு. பேனா படவில்லை, கோடும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவருக்கு ரிட்டயர்மென்டுக்கு ஏழு மாதம் இருந்தது.

"ஐயா என்ன வார்த்தை எழுத நெனைச்சாரோ, யாரு கண்டா," என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆல்மோஸ்ட் என்று எழுதியிருந்தால் கருப்பையாவுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அப்சல்யூட்லி என்று எழுதியிருந்தால் கதை முடிந்தது. எப்பவும் போல என்று அவள் சொன்னதற்கு, அந்தக் களத்தில் எப்போதுமே யாரும் இருப்பதில்லை என்றும் பொருள் கொள்ளலாம். அப்படியானால் கருப்பையா அங்கே காவல் இருந்ததே பொய்யாகிவிடும். நாம் போய்ச் சொல்வது அந்த ஆளுக்கே வினையாக முடிந்தால் என்ன செய்வது என்று கேட்டார். என் வேலை டெம்பரரி என்பதையும் மெதுவாக ஞாபகப்படுத்தினார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. என் வயதில் அவருக்கு ஒரு மகள் இருந்தாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கீரனூரில் என் சம்பளத்தை நம்பி அப்பாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். ஆனாலும் அந்த இடத்தில் என்ன வரும் என்று தீர்மானிக்க நான் யார், அது வெறும் இடமாகவாவது இருக்கட்டும் என்றுதான் மனசில் ஓடியது. மூலத்தையும் பிரதியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வராந்தாவில் பாதி தூரம் போவதற்குள் சுப்பையா சார் என்னைத் தாண்டி வந்துவிட்டார். "ஒப்புப் பாத்தவன் நாந்தானே, நான் முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டு, சேம்பர் கதவைத் தட்டினார்.

புது மாஜிஸ்ட்ரேட் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எந்த வார்த்தையை விட்டாய் என்று என்னைக் கேட்டார்.

"வார்த்தை எதையும் விடலை சார். வார்த்தைக்கு விட்ட எடத்தை விட்டுட்டேன்," என்றேன்.

சாட்சிக்குப் படித்துக் காட்டியதா என்று கேட்டார். இல்லை என்று சுப்பையா சார் சொன்னார். குழந்தையைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னேன். முந்தின ஐயாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாமா என்று சுப்பையா சார் இழுத்தார். அவர் நினைத்தது சாட்சியம் ஆகாது, அந்த அம்மாள் வந்து சொன்னால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு மாஜிஸ்ட்ரேட் தீர்ப்பைத் தள்ளி வைத்தார். சின்னப்பொண்ணுக்கு மறுபடியும் சம்மன் போனது. எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோவும் வந்தது.

அவள் வருகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் அந்த ஆளின் வருடங்கள் இருந்தன. அதை நானே போய்க் கிளறிவிட்டிருக்கிறேன்.

வந்தாள். குழந்தை தேறியிருந்தது, கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாஜிஸ்ட்ரேட் அதே கேள்வியைத் தமிழில் கேட்டார். அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் களத்தில் யார் இருந்தது?

"யாரும் இல்லீங்க. எப்பவும் போலத்தான்."

எப்பவும் போல என்றால்?

"எப்பவும் போலன்னா... காவக்காரரு கெடந்தாரு. சாக்கை விரிச்சுப் படுத்துக்கெடந்தாரு. நாந்தான் எழுப்பி, அந்தா அங்கிட்டுப் பொகையுது பாருன்னேன்."

யார் காவல்காரர் என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட். அவள் கருப்பையாவைக் கையால் காட்டினாள்.

அவர் இருந்தார் என்றால் யாரும் இல்லை என்று ஏன் சொன்னாய் என்று பிராசிக்யூட்டர் எழுந்து குரலை உயர்த்தினார். அவள் மிரண்டு போனாள். "அவரு என்னைக்கும் அங்கதானே சாமி கெடப்பாரு. யாரு இருந்தாகன்னு கேட்டா, அவரையும் சேத்தா சொல்லணும்?" என்றாள்.

மாஜிஸ்ட்ரேட் என் பக்கம் திரும்பி, சொல்ல ஆரம்பித்தார். 'தி அக்யூஸ்டு வாஸ் தேர். தேர் வாஸ் நோபடி...' அதோடு நின்றார். நானும் நின்றேன். நோபடிக்கு முன்னால்தான் வார்த்தை வர வேண்டும் என்று ஐயா இடம் விட்டார், நானும் நாலு நாளாக முன்னாலேயே தேடிக்கொண்டிருந்தேன். 'எல்ஸ்' என்றார் மாஜிஸ்ட்ரேட். குமாஸ்தா மாதிரி பின்னால் வருகிற அந்த ஒரே வார்த்தை. எங்கே மறுபடி தப்பிவிடுமோ என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்.

அன்றைக்குச் சுப்பையா சார் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழில் படித்துக் காட்டினார். ஆலங்குடி பஸ் போய்விட்டது. சின்னப்பொண்ணு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

கருப்பையா விடுதலையானார். சுப்பையா சாருக்குக் கண்டனம் எழுதி, கடைசி ஏழு மாதத்துக்கு மணமேல்குடிப் பக்கம் மாற்றினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறபோதுகூட என்மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. அவர் முன்னால் நடந்ததால்தான் என்னைத் தொடவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

விடுதலை உத்தரவு வாங்கக் கருப்பையா என் மேஜைக்கு வந்தபோது, எனக்கு அடக்க முடியாமல் கோபம் வந்தது. அந்த அம்மா முதல் தடவை யாரும் இல்லை என்று சொன்னது தமிழில்தானே, காதில் விழவில்லையா, நான் இருந்தேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூன்று மாதம் ஜெயிலில் கிடந்திருக்க வேண்டாமே என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "விழுந்துச்சுங்க. ஆனா அவுக சொன்னது எனக்குத் தப்பாப் படலீங்க," என்றார். "களத்துல யாரும் இல்லைதானுங்களே."

மெஷினில் தாளைச் சொருகி உத்தரவை அடித்தேன். அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், கடலைக் களத்துக் காவல்காரர் என்ற தொழில், எல்லாவற்றையும் அடித்தேன். உருவிக் கொடுப்பதற்கு முன்னால் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். உத்தரவைப் படித்துக் காட்ட வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார்.

முடித்ததும் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இன்னொருக்கப் படிங்கம்மா," என்றார்.

மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.